மூன்று ஊர்களில் நடந்த வகுப்பு: ரபி லியோ பெக்கும் லண்டன் கல்லூரியும்

1956 செப்டம்பர் 30 அன்று, ரபிகள் எனப்படும் யூத சமய குருமார்களை உருவாக்குவதற்கென லண்டனில் ஒரு சிறிய கல்லூரி தொடங்கியது. முதலில் சேர்ந்த மாணவர்கள் இரண்டே பேர்: லயனல் புளூ, மைக்கேல் லீ. சொந்தக் கட்டடம் இல்லை. 1840இல் நிறுவப்பட்ட மேற்கு லண்டன் ஜெப ஆலயம் இடம் கொடுத்து ஆதரித்தது. ‘லண்டன் யூத இறையியல் கல்லூரி’ என்பது அன்றைய பெயர். ஐந்து வாரம் முடிவதற்குள், நவம்பர் 2 அன்று, அதே நகரில் ரபி லியோ பெக் தம் 83ஆம் வயதில் காலமானார். கல்லூரி அவர் பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொண்டது. இன்றுவரை அது ‘லியோ பெக் கல்லூரி’ என்றே வழங்குகிறது.

மறைந்த பெரியவர் ஒருவரின் பெயரை நிறுவனத்துக்குச் சூட்டுவது எங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் இந்தக் கல்லூரியின் வரலாற்றை 1956இல் தொடங்கி எழுதினால் அது பாதி வரலாறாகவே இருக்கும். அதன் வேர் 1872இல் பெர்லினில் இருக்கிறது. இடையில் 1942இல் நாஜி அரசு பெர்லின் கல்விக்கூடத்தை மூடியது. அதற்குப் பின் பதினான்கு ஆண்டுகள் கட்டடமும் இல்லை, நூலகமும் இல்லை, மாணவர் பட்டியலும் இல்லை. அந்த இடைவெளியைத் தம் வாழ்க்கையால் நிரப்பியவர் லியோ பெக். பெர்லினில் பாடம் சொன்னார், வதைமுகாமில் பாடம் சொன்னார், லண்டனில் பாடம் சொன்னார். அந்தத் தொடர்ச்சியே இக்கல்லூரியின் உண்மையான மூலதனம்.

பெர்லினில் இட்ட அடித்தளம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய யூத அறிஞர்களுக்கு ஒரு பெருங்கனவு இருந்தது. தோரா, தல்மூத் ஆகிய யூத சமயநூல்கள், யூத வரலாறு, தத்துவம் ஆகியவற்றைப் பல்கலைக்கழகப் பாடங்களுக்குரிய ஆய்வு ஒழுங்குடன் கற்பிக்க வேண்டும் என்பதே அது. ஆபிரகாம் கைகர் போன்றோரின் முயற்சியால் 1872இல் பெர்லினில் ‘யூத சமய ஆய்வியல் உயர்கல்விக்கூடம்’ திறக்கப்பட்டது. அரசையும் சாராமல், எந்த ஒரு சபையின் கட்டளைக்கும் உட்படாமல் அது இயங்கியது. பிற சமயத்தாரும் பெண்களும் அங்கே வந்து பாடம் கேட்கலாம். அந்தக் காலத்தில் இது அரிய சுதந்திரம்.

1907இல் ஆர்ட்டிலரிஸ்ட்ராஸ தெருவில் சொந்தக் கட்டடம் எழுந்தது. அந்தக் கல்விக்கூடத்தின் வாசலை மிதித்தவர்களின் பெயர்களே அதன் பெருமையைச் சொல்லும். கெய்ரோ நகரின் பழைய ஜெப ஆலயத்திலிருந்து பல்லாயிரம் ஏட்டுத் துண்டுகளை கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்த சாலமன் ஷெக்டர் இங்கே படித்தவர். தத்துவப் பேராசிரியர் ஹெர்மன் கோஹன் தம் முதுமையில் இங்கே வகுப்பெடுத்தார். அவரிடம் பாடம் கேட்டவர் சிந்தனையாளர் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக். பின்னாளில் அமெரிக்காவில் புகழ்பெற்ற சமயச் சிந்தனையாளர் ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் இங்கே பயின்றார். நோயுற்றிருந்த எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா 1923இல் பெர்லினில் வாழ்ந்த மாதங்களில் இங்கே வந்து வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்.

இந்தக் கல்விக்கூடத்தில் 1913 முதல் பாடம் சொன்னவர் லியோ பெக்.

லிஸாவிலிருந்து வந்த ஆசிரியர்

1873 மே 23 அன்று, அன்றைய பிரஷ்யாவின் போசன் மாகாணத்தில் இருந்த லிஸா என்ற சிற்றூரில் லியோ பெக் பிறந்தார். இன்று அது போலந்தில் உள்ள லெஷ்னோ. தந்தை சாமுவேலும் ரபி. மகன் முதலில் பிரெஸ்லாவில் இருந்த சமயக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு பெர்லின் கல்விக்கூடத்துக்கு மாறினார். அதோடு பெர்லின் பல்கலைக்கழகத்தில் தத்துவ அறிஞர் வில்ஹெல்ம் டில்தேயின் கீழ் ஆய்வு செய்து, ஸ்பினோசாவின் சிந்தனை ஜெர்மனியில் ஏற்படுத்திய முதல் தாக்கம் பற்றி எழுதி 1895இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1897இல் ஓப்பெலன் நகர ரபியாகப் பொறுப்பேற்றார். அங்கேதான் நட்டாலியை மணந்தார். அங்கேதான் மகள் ரூத் பிறந்தாள். அந்த இளம் வயதிலேயே அவர் எப்படிப்பட்டவர் என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. யூதர்களுக்குத் தனித் தாயகம் கோரிய சீயோனிய இயக்கத்தைக் கண்டித்து ஜெர்மானிய ரபிகள் சங்கம் தீர்மானம் கொண்டுவந்தபோது, ஏறக்குறைய எல்லோரும் கைதூக்கினார்கள். எதிர்த்து வாக்களித்த ஓரிருவரில் பெக் ஒருவர். அவர் சீயோனியர் அல்லர். ஆனாலும் மாற்றுக் கருத்துள்ள சகோதரர்களைச் சபைக்கு வெளியே தள்ளுவதை அவரால் ஏற்க முடியவில்லை. எல்லாத் தரப்பும் நம்பும் மனிதராக அவர் பிற்காலத்தில் விளங்கியதற்கு இதுவே அச்சாரம்.

1900இல் புரோட்டஸ்டன்ட் இறையியலாளர் அடால்ஃப் ஃபான் ஹார்னாக், கிறிஸ்தவத்தின் சாரத்தை விளக்கி ஒரு நூல் எழுதினார். அது பெரும் செல்வாக்குப் பெற்றது. அதில் யூத சமயம் ஒளி மங்கிய பின்னணியாகவே காட்டப்பட்டிருந்தது. இதற்கு மறுமொழியாக 1905இல் வெளிவந்தது பெக்கின் ‘யூத சமயத்தின் சாரம்’. வசைமொழி எதுவும் இல்லாத மறுமொழி அது. கடவுளைப் பற்றிய கோட்பாடுகளைவிட, கடவுள் மனிதனிடம் எதிர்பார்க்கும் அறச்செயலே யூத சமயத்தின் உயிர் என்று அந்நூல் நிறுவியது. முப்பத்திரண்டு வயது ரபி ஒருவரை அது நாடறிந்த சிந்தனையாளர் ஆக்கியது.

டுஸ்ஸல்டார்ஃப் நகரில் ஐந்தாண்டுகள் பணியாற்றியபின் 1912இல் பெர்லினுக்கு வந்தார். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படையின் சமய குருவாக மேற்கு, கிழக்குப் போர்முனைகள் இரண்டிலும் பணிபுரிந்தார். போருக்குப் பின் 1922இல் ஜெர்மானிய ரபிகள் சங்கத்தின் தலைவரானார். இத்தனை பொறுப்புகளுக்கு இடையிலும் வகுப்பை விடவில்லை. மித்ராஷ் என்னும் மறைநூல் விளக்கத்தையும் சமயச் சொற்பொழிவுக் கலையையும் கற்பித்தார். தாழ்ந்த குரல், அளந்து பேசும் நடை. மேடையில் ‘நான்’ என்று தொடங்கும் வழக்கமே இல்லாதவர் என மாணவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

1933க்குப் பின்

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஜெர்மனியில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தனர். மரபுவாதிகள், சீர்திருத்தவாதிகள், சீயோனியர்கள், ஜெர்மானிய தேசப்பற்றாளர்கள் என அவர்களுக்குள் எத்தனையோ பிரிவுகள். எல்லோருக்கும் பொதுவான ஓர் அமைப்பு அதுவரை இல்லை. 1933 செப்டம்பரில் ‘ஜெர்மானிய யூதர்களின் தேசியப் பிரதிநிதித்துவ அமைப்பு’ உருவானது. அதன் தலைவராக லியோ பெக்கை எல்லாத் தரப்பாரும் ஏற்றனர். அன்றாட நிர்வாகத்தை ஓட்டோ ஹிர்ஷ் ஏற்றார்.

பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், வேலை இழந்தவர்களுக்குப் புதுத் தொழில் பயிற்சி, குளிர்கால உதவி, நாட்டைவிட்டு வெளியேற விரும்புவோருக்கு வழிகாட்டல் என அந்த அமைப்பின் கைகளில் வந்து குவிந்த வேலை கொஞ்சமல்ல. 1935இல் யூதர்களின் குடியுரிமையைப் பறிக்கும் நியூரம்பர்க் சட்டங்கள் வந்தன. அடுத்த சில வாரங்களில் வந்த பாவநிவர்த்தி நாளுக்காகப் பெக் ஒரு பிரார்த்தனை எழுதி, ஜெர்மனி முழுவதும் உள்ள ஜெப ஆலயங்களுக்கு அனுப்பினார். எங்கள் பாவங்களுக்காகக் கடவுளின் முன் தலைகுனிகிறோம், எங்கள்மீது சுமத்தப்படும் அவதூறுகளுக்கு முன் தலைகுனிய மாட்டோம் என்பது அதன் கருத்து. நாஜி இரகசியக் காவல்துறையான கெஸ்டபோ அதைத் தடைசெய்து பெக்கைக் கைது செய்தது. சிறிது காலத்தில் விடுதலையானார். பின்னரும் அவரைப் பலமுறை கைது செய்தார்கள். ஓட்டோ ஹிர்ஷ் 1941இல் மாவுத்ஹவுசன் வதைமுகாமில் உயிர்நீத்தார்.

1937இல் மனைவி நட்டாலி காலமானார். 1939இல் மகள் ரூத் கணவரோடும் பிள்ளையோடும் லண்டனுக்குச் சென்றார். பெக்கையும் வெளிநாட்டுச் சபைகளும் கல்லூரிகளும் அழைத்தபடியே இருந்தன. போகவில்லை. போருக்கு முன் லண்டனுக்குச் சென்றபோதும் அங்கே தங்காமல் பெர்லினுக்குத் திரும்பினார். யூதர்கள் கூடி வழிபடப் பத்துப் பேர் வேண்டும். ஜெர்மனியில் அந்தப் பத்துப் பேர் இருக்கும்வரை தம் இடம் அங்கேதான் என்பது அவர் முடிவு.

கடைசி மூன்று மாணவர்கள்

பல்கலைக்கழகங்கள் யூதர்களுக்குக் கதவடைத்ததும் ஆர்ட்டிலரிஸ்ட்ராஸ கல்விக்கூடம் புது வேலையை ஏற்றது. ரபி ஆக நினைக்காத இளைஞர்களுக்கும் வரலாறு, இலக்கியம், தத்துவம் கற்பிக்கும் இடமாக மாறியது. 1938 நவம்பரில் நாடெங்கும் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டன. மாணவர்கள் பலர் முகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். அவர்களில் ஒருவரான எமில் ஃபாக்கன்ஹைம், சாக்சன்ஹவுசன் முகாமிலிருந்து விடுதலையாகி 1939இல் ரபி பட்டம் பெற்று வெளியேறினார். பின்னாளில் கனடாவில் பெயர்பெற்ற தத்துவ அறிஞரானார். பேராசிரியர் இஸ்மார் எல்போகன் அதற்கு முன்பே நியூயார்க் சென்றிருந்தார். கல்விக்கூடத்தையே கேம்பிரிட்ஜுக்கு மாற்ற ஒரு திட்டம் உருவானது. அது கைகூடும் முன் போர் மூண்டது.

ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தனர், பெக் மிஞ்சினார். மாணவர்களும் குறைந்து இறுதியில் மூன்று பேர் ஆயினர். அந்த மூவருக்கும் பாடம் நடந்தது. 1942 ஜூலையில் அரசு ஆணையால் கல்விக்கூடம் மூடப்பட்டது. எழுபது ஆண்டுகளாகச் சேர்த்த நூலகமும் பறிபோனது.

ஆனாலும் அந்தக் கடைசி ஆண்டுகளின் மாணவர்களில் சிலர் உயிர்தப்பினர். ஹெர்பர்ட் ஸ்ட்ராஸ், எர்ன்ஸ்ட் லுட்விக் எர்லிக் இருவரும் பெர்லினில் தலைமறைவாக வாழ்ந்து 1943இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினர். முன்னவர் வரலாற்றாசிரியராகி, பல ஆண்டுகளுக்குப் பின் அதே பெர்லினில் யூத வெறுப்பை ஆராயும் மையத்தின் முதல் இயக்குநரானார். பின்னவர் யூத–கிறிஸ்தவ நல்லுறவுக்கு ஐரோப்பாவில் பெரும்பங்கு ஆற்றினார். குண்டுமழைக்கும் கெஸ்டபோவுக்கும் இடையே பெக் கற்பித்த பாடம் வீணாகவில்லை.

1943 ஜனவரி 27 விடியற்காலையில் பெக்கை அழைத்துச் செல்லக் காவலர்கள் வந்தனர். சற்று அவகாசம் கேட்டார். கடிதங்கள் எழுதினார். எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் செலுத்த வேண்டிய கட்டணத்தை அஞ்சலில் அனுப்ப ஏற்பாடு செய்தார். பிறகு கிளம்பினார். தம்மைக் கொல்ல அழைத்துச் செல்லும் நாட்டுக்கு ஒரு காசுகூடக் கடன் வைக்காமல் போன மனிதர் அவர்.

தெரேசியன்ஸ்டாட்

பேரரசர் இரண்டாம் ஜோசப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தம் தாய் மரியா தெரேசாவின் பெயரில் கட்டிய கோட்டை நகரம் தெரேசியன்ஸ்டாட். இன்றைய செக் குடியரசில் உள்ளது. சில ஆயிரம் பேர் வாழ்வதற்கான அந்த ஊரில், 1942 செப்டம்பரில் 58,000க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். அங்கே கொண்டுவரப்பட்ட மொத்தம் சுமார் 1,40,000 பேரில் ஏறத்தாழ 33,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே இறந்தனர். 88,000 பேர் ஆஷ்விட்ஸ் முதலிய கொலைக்களங்களுக்கு அனுப்பப்பட்டனர். பெக்கின் சகோதரிகள் மூவர் அவர் வருவதற்கு முன்பே அங்கே மாண்டிருந்தனர்.

எழுபது வயதை எட்டப்போகும் பெக்கைக் குப்பை வண்டி இழுக்கப் பணித்தார்கள். உடன் இழுத்த அறிஞரோடு பிளேட்டோவைப் பற்றியும் ஏசாயா தீர்க்கதரிசியைப் பற்றியும் பேசிக்கொண்டே இழுத்ததாக அவர் பின்னர் சொன்னார். எழுபது நிறைந்ததும் உடலுழைப்பிலிருந்து விலக்குக் கிடைத்தது. அதன்பின் நோயாளிகளைப் பார்ப்பது, சாவோரின் அருகில் இருப்பது, அனாதைகளுக்கும் முதியோருக்கும் வேண்டியதைக் கேட்டுப் பெறுவது என்று நாள்கள் கழிந்தன.

மாலையில் வகுப்பு. அந்த முகாமில் சிறைப்பட்டிருந்த அறிஞர்களும் கலைஞர்களுமாக நடத்திய சொற்பொழிவுகள் இரண்டாயிரத்துக்கும் மேல். பெக்கின் உரைகளுக்கு எழுநூறு பேர் வரை நெருக்கியடித்து நின்றார்கள். மேசை இல்லை, விளக்கு இல்லை, கையில் நூல் இல்லை. ஹெரோடோட்டஸ், பிளேட்டோ, ஸ்பினோசா, கான்ட் ஆகியோரைப் பற்றியெல்லாம் நினைவிலிருந்தே பேசினார். 1944 ஜூன் 15 அன்று வரலாறு எழுதுவது எப்படி என்பது பற்றி அவர் ஆற்றிய உரை எழுத்து வடிவில் இன்றும் கிடைக்கிறது. அடுத்த வாரம் செஞ்சிலுவைச் சங்கக் குழு அந்த முகாமைப் பார்வையிட வந்தது. உலகை ஏமாற்ற நாஜிகள் வீதிகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொய்யின் நடுவே, நேர்மையான வரலாறு என்றால் என்ன என்று ஒரு கிழவர் கைதிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கிடைத்த தாள்களில் ‘இந்த மக்கள்’ என்ற தம் கடைசிப் பெருநூலையும் எழுதத் தொடங்கினார்.

சொல்லாத செய்தி

பெக்கின் வாழ்க்கையை எழுதுவோர் தவிர்க்கக் கூடாத ஒரு பகுதி உண்டு. ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டவர்கள் நச்சுவாயுவால் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தி 1943இல் சக கைதி ஒருவர் மூலம் அவருக்குத் தெரியவந்தது. அதை அவர் முகாமில் வெளியிடவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம் இது: வாயுவால் சாவோம் என்ற எதிர்பார்ப்போடு ஒவ்வொரு நாளையும் வாழ்வது சாவினும் கொடியது. தவிரவும் அனுப்பப்பட்ட எல்லோருக்கும் சாவு உறுதியில்லை, சிலர் வேலைக்குப் பிரிக்கப்பட்டனர். ஆகவே பேசாதிருக்க முடிவு செய்தேன் என்று போருக்குப் பின் தாமே வெளிப்படையாக எழுதினார்.

1963இல் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் இதற்காக அவரைக் கடுமையாகச் சாடினார். செய்தி தெரிந்திருந்தால் சிலராவது தப்ப முயன்றிருப்பார்கள் என்பது குற்றச்சாட்டு. கோட்டைச் சுவர்களுக்குள் அடைபட்ட முதியோருக்கும் குழந்தைகளுக்கும் தப்ப வழி ஏது என்று பெக்கின் பக்கம் நின்றோர் கேட்டனர். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அறிந்ததை மறைப்பது ஆசிரியரின் இயல்புக்கே முரண். அந்தச் சுமையை அவர் இறுதிவரை தனியே சுமந்தார். அவர் எடுத்த முடிவு சரியா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அப்படியொரு முடிவெடுக்கும் நிலைக்கு மனிதரைத் தள்ளிய கொடுமையே முதல் குற்றவாளி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1945 மே 8 அன்று சோவியத் படை முகாமுக்குள் நுழைந்தது. டைஃபஸ் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. பெக்கை அழைத்துச் செல்ல விமானம் ஏற்பாடாகியும், நோயாளிகளை விட்டு உடனே வர மறுத்தார். ஜூலை மாதம்தான் லண்டனில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

லண்டனில் மறுபிறப்பு

72 வயதில் ஓய்வெடுக்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. எடுக்கவில்லை. முற்போக்கு யூத சபைகளின் உலக ஒன்றியத்துக்குத் தலைவராக இருந்தார். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் உள்ள ஹீப்ரு யூனியன் கல்லூரிக்கு ஆண்டுதோறும் சென்று சில மாதங்கள் வகுப்பெடுத்தார். 1948 பிப்ரவரி 12, லிங்கனின் பிறந்த நாள். அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் தொடக்கப் பிரார்த்தனையைச் சொல்ல அவரை அழைத்தார்கள். 1955இல் ஜெர்மானிய யூதர்களின் வரலாற்றைக் காக்க ‘லியோ பெக் நிறுவனம்’ தோன்றியது. ஜெருசலேம், லண்டன், நியூயார்க் என மூன்று நகரங்களில் இயங்கிய அதன் முதல் தலைவரும் அவரே. ‘இந்த மக்கள்’ நூலின் முதல் பாகம் 1955இல் வந்தது. இரண்டாம் பாகம் அவர் மறைந்தபின் 1957இல் வெளியானது.

ஆனால் ஐரோப்பாவில் ரபிகளுக்குப் பெரும் பஞ்சம். ஹியூகோ கிரினின் வாழ்க்கை இதைத் தெளிவாகக் காட்டும். செக்கோஸ்லோவாக்கியாவின் பெரெகோவோ ஊரில் பிறந்து, சிறுவனாக ஆஷ்விட்ஸிலிருந்து உயிர்தப்பி, 1946இல் பிரிட்டனுக்கு வந்தவர் அவர். ரபி ஆகும்படி பெக் அவரை ஊக்குவித்தார். படிக்க பிரிட்டனில் ஏற்ற கல்லூரி இல்லை. சின்சினாட்டிக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. பட்டம் பெற்றதும் அவர் பணியாற்றச் சென்றது பம்பாய் நகர யூத சபைக்கு! 1964இல் லண்டன் திரும்பி, மேற்கு லண்டன் ஜெப ஆலயத்தில் 1996இல் மறையும்வரை பணியாற்றினார். வானொலி வழியே பிரிட்டன் முழுவதும் அறிந்த குரல் அவருடையது.

இந்தப் பஞ்சத்தைத் தீர்க்க முன்வந்தவர் ரபி வெர்னர் ஃபான் டெர் ஸைல். பெர்லின் கல்விக்கூடத்தில் படித்தவர். 1939இல் பிரிட்டனுக்கு வந்தவர். அவர் முயற்சியால் 1956இல் கல்லூரி தொடங்கியபோது பெக்கின் மாணவர்கள் ஆசிரியர்களாக வந்தமர்ந்தனர். பெர்லினில் பயின்ற முனைவர் எல்லன் லிட்மன் விவிலியம் கற்பித்தார். பெர்லின் பாடத்திட்டத்தை நினைவிலிருந்து மீட்டு, ஆங்கிலத்தில் சொல்லித் தந்தார்கள். அகதிகளாக வந்தவர்கள் கையில் கொண்டுவந்த ஒரே சொத்து அந்தக் கல்வி.

1964 முதல் பிரிட்டனின் சீர்திருத்தச் சபைகளும் தாராளவாதச் சபைகளும் சேர்ந்து கல்லூரியை ஆதரித்தன. 1980களின் தொடக்கத்தில் வடக்கு லண்டனின் ஃபிஞ்ச்லி பகுதிக்கு அது இடம்பெயர்ந்தது. முதல் மாணவர் லயனல் புளூ பிபிசி வானொலியில் பல்லாண்டுகள் காலைச் சிந்தனை வழங்கி எல்லாச் சமயத்தாரின் அன்பையும் பெற்றார். பெக்கின் வாழ்க்கையை ‘தெரேசியன்ஸ்டாட்டின் ஆசிரியர்’ என்று நூலாக எழுதிய ஆல்பர்ட் ஃபிரீட்லாண்டர் கல்லூரியின் முதன்மை ஆசிரியர்களில் ஒருவரானார். மருத்துவராக இருந்து ரபியான ஜோனதன் மேகோனெட் 1985 முதல் 2005 வரை முதல்வராக இருந்தார். யூத, கிறிஸ்தவ, முஸ்லிம் மாணவர்கள் ஒன்றாகத் தங்கி உரையாடும் ஆண்டுக் கூட்டம் 1970களில் ஜெர்மானிய மண்ணிலேயே தொடங்கியதில் இக்கல்லூரிக்குப் பெரும் பங்கு உண்டு.

ரெகினா யோனாஸ் விட்டுச்சென்ற வழி

இந்த வரலாற்றில் இன்னொரு பெயரை நன்றியோடு சொல்ல வேண்டும். 1902இல் பெர்லினில் பிறந்த ரெகினா யோனாஸ் அங்குள்ள கல்விக்கூடத்தில் படித்தார். பெண் ரபி ஆகலாமா என்ற கேள்விக்கு யூதச் சட்ட நூல்களின் வழியே ‘ஆகலாம்’ என விடை காணும் ஆய்வேட்டை 1930இல் அளித்தார். ஆயினும் கல்விக்கூடம் அவருக்கு ரபி பட்டம் தரவில்லை. ரபிகள் பிளவுபடுவார்கள் என்று பெக்கும் தயங்கினார். 1935 டிசம்பரில் ரபி மாக்ஸ் டீனமன் தேர்வு நடத்திப் பட்டம் அளித்தார். உலகின் முதல் பெண் ரபி அவர். 1942இல் அந்தப் பட்டச் சான்றிதழின் ஜெர்மன் வடிவத்துக்குப் பெக் ஒப்பமிட்டார். அதே ஆண்டு தெரேசியன்ஸ்டாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ரெகினா, புதிதாக வந்திறங்குவோரைத் தேற்றும் பணியில் மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கலுக்குத் துணைநின்றார், சொற்பொழிவுகளும் ஆற்றினார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அரை நூற்றாண்டுக் காலம் அவர் பெயரைச் சொல்வார் இல்லை. பெர்லின் சுவர் விழுந்தபின் 1990களில் ஆவணக் காப்பகத்தில் அவருடைய தாள்கள் கண்டெடுக்கப்பட்டன.

லியோ பெக் கல்லூரி 1975இல் ஜாக்கி டேபிக்குக்குப் பட்டம் வழங்கியது. பிரிட்டனின் முதல் பெண் ரபி அவர். இரண்டாண்டு கழித்து ஜூலியா நியூபெர்கர் பட்டம் பெற்றார். பெர்லின் திறக்கத் தயங்கிய கதவை லண்டன் திறந்தது. இன்று இக்கல்லூரியில் பெண்கள் படிப்பதும் கற்பிப்பதும் இயல்பான செய்தி.

இன்று

பிரிட்டனின் முற்போக்கு யூத சபைகளில் பணியாற்றும் ரபிகளில் பெரும்பாலோர் லியோ பெக் கல்லூரியில் பயின்றவர்கள். ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் அவர்கள் பணிபுரிகின்றனர். பெர்லினில் பழைய கல்விக்கூடக் கட்டடம் ‘லியோ பெக் இல்லம்’ என்ற பெயரோடு நிற்கிறது. ஜெர்மானிய யூதர்களின் மத்திய அவை 1999 முதல் அங்கே இயங்குகிறது. அதே ஆண்டு போட்ஸ்டாம் நகரில் ஆபிரகாம் கைகர் பெயரில் ஒரு சமயக் கல்லூரி தோன்றியது. 1942க்குப் பின் ஜெர்மானிய மண்ணில் பயின்று பட்டம் பெற்ற முதல் ரபிகள் மூவர், 2006இல் டிரெஸ்டன் நகரில் அங்கீகரிக்கப்பட்டனர். 2010இல் அலினா டிரைகர் பட்டம் பெற்றார். ரெகினா யோனாஸுக்குப் பின் ஜெர்மனியில் ரபி பட்டம் பெற்ற முதல் பெண் அவர். லியோ பெக் நிறுவனத்தின் நியூயார்க் காப்பகம் தன் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படங்களையும் மின்வடிவாக்கி, எவரும் கட்டணமின்றிப் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது.

மூடப்பட்ட ஒரு கல்விக்கூடத்தின் பாடம் இத்தனை இடங்களில் தொடர்வதற்குக் காரணம், மூன்று மாணவர்கள் மட்டுமே எஞ்சிய நாளிலும் வகுப்பு எடுத்த ஓர் ஆசிரியர். மாணவர் எண்ணிக்கை குறைந்தது என்று பாடத்தை நிறுத்தியிருந்தால், லண்டனில் தொடங்க எதுவும் மிஞ்சியிருக்காது. பள்ளிகளையும் கல்லூரிகளையும் நடத்துவோர், ஆசிரியப் பணியில் இருப்போர், அதை நாடி வரும் இளைஞர் ஆகிய எல்லோருக்கும் இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான்: கேட்க ஒருவர் இருக்கும்வரை கற்பியுங்கள்.